மேலே இருக்கும் கருவியை யார் சரிபார்ப்பது?

பத்தாண்டுக்கு 0.3 சதவீதம். துருவப் பகுதிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 1996-க்குப் பிறகு ஓசோன் படலம் மீண்டு வரும் வேகம் ஏறத்தாழ இவ்வளவுதான் என்கிறது 2022-ஆம் ஆண்டின் சர்வதேச ஓசோன் மதிப்பீட்டு அறிக்கை. கூடவே, இதில் குறைந்தது 0.3 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறது. 'ஓசோன் ஓட்டை மூடுகிறது' என்று செய்தித்தாளில் ஒரு வரியில் வந்துபோகும் சேதிக்கு அடியில் இப்படி ஒரு பொடி எண் கிடக்கிறது. இவ்வளவு சின்ன எண்ணை எந்தத் தைரியத்தில் ஒருவர் சொல்கிறார்? எனக்கு ஓசோன் மேல் வந்த ஆர்வமெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் மேல்நிலைப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். செப்டம்பர் 16 ஓசோன் தினம் என்றால் ஓவியப் போட்டியும் உறுதிமொழியும் இருக்கும். பூமிக்கு ஒரு குடை, குடையில் ஓட்டை, ஓட்டை வழியே சிவப்பு அம்புகள் என்று வரைந்துகொண்டு வருவார்கள். அப்படி ஒரு வருஷம் ஒரு மாணவி வந்து, "சார், ஓட்டை சின்னதாயிட்டு வருதுன்னு போட்டிருக்காங்களே, அதை அளக்குற மெஷின் சரியா இருக்குன்னு யாரு சார் பார்த்தாங்க?" என்று கேட்டாள். பாடப்புத்தகம் தொடாத இடம் அது. ஓசோன் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடமும் அதுதான்.

அளவை முதலில் கையில் பிடித்துப் பார்ப்போம். தருமபுரிக்கு நேர் மேலே, தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை இருக்கும் ஓசோன் மொத்தத்தையும் கீழே கொண்டுவந்து, சுழியம் டிகிரியில் கடல்மட்ட அழுத்தத்தில் பரப்பினால் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனம்தான் வரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒரு டாப்சன் அலகு என்கிறார்கள். நம் வானத்தில் வருஷம் முழுக்கப் பெரும்பாலும் 240-க்கும் 285-க்கும் இடையில் இருக்கும். இதில் 0.3 சதவீதம் என்றால் ஒரு டாப்சன் அலகுகூடக் கிடையாது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் குறைந்து கோடையில் ஏறும் பருவ அலை மட்டுமே முப்பது அலகு வரை வரும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளிருந்து பத்தாண்டுக்கு ஒரு அலகுக்கும் குறைவான மாற்றத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அதுவும் பூமிக்கு எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கருவியிலிருந்து.

அந்தக் கருவி ஓசோனை நேரடியாகத் தொடுவதில்லை. சூரிய ஒளி காற்றிலும் மேகத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பி மேலே வருகிறது. அதில் புற ஊதாப் பகுதியில் இரண்டு அலைநீளங்களை எடுத்துக்கொள்வார்கள். ஒன்றை ஓசோன் நன்றாக உறிஞ்சும், மற்றதை லேசாகத்தான் உறிஞ்சும். இரண்டும் எந்த விகிதத்தில் திரும்பி வருகின்றன என்று பார்த்தால் வழியில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். தரையிலிருந்து சூரியனைப் பார்த்து இதே வேலையைச் செய்யும் கருவியை கார்டன் டாப்சன் 1920-களில் ஆக்ஸ்ஃபோர்டில் செய்தார். அலகுக்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான்.

செயற்கைக்கோளுக்கான கணக்கில் நம் பக்கத்து ஆட்களின் கை இருக்கிறது. இதை நான் வகுப்பில் விடாமல் சொல்வேன். பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். ராமநாதன் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். சூரியன் தாழும் நேரத்தில் எடுத்த டாப்சன் அளவுகளிலிருந்து எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று பிரித்தெடுக்கும் கணக்குமுறையை அவரும் ஜே. வி. தவேயும் 1957-இல் வகுத்துக் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1967-இல், அதே தவே கார்ல்டன் மேட்டீருடன் சேர்ந்து, செயற்கைக்கோளிலிருந்து மொத்த ஓசோனை அளக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1970-இல் நிம்பஸ்-4 செயற்கைக்கோளில் போன கருவியும், 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 கோளில் போன டாம்ஸ் கருவியும் அந்த வழியில் வந்தவை.

நிம்பஸ்-7-இன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூமியிலிருந்து திரும்பி வரும் ஒளியைச் சூரியனிலிருந்து வரும் ஒளியோடு ஒப்பிட்டால்தான் விகிதம் கிடைக்கும். சூரியனை நேரடியாகப் பார்த்தால் கண் கூசும் அளவுக்குப் பிரகாசம். அதனால் சொரசொரப்பான ஓர் அலுமினியத் தகட்டில் சூரிய ஒளியை விழவைத்து, அதிலிருந்து சிதறி வருவதை அளப்பார்கள். பிரச்சினை அந்தத் தகட்டில்தான் வந்தது. விண்வெளியின் கடுமையான புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது வருஷத்துக்கு வருஷம் மங்கியது. மங்கியதுகூடப் பரவாயில்லை, எல்லா அலைநீளத்திலும் ஒரே மாதிரி மங்கவில்லை. குறைந்த அலைநீளத்தில் அதிகம், கூடிய அலைநீளத்தில் குறைவு. அந்த வித்தியாசத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால், வானத்தில் ஓசோன் குறைகிறது என்றே கணக்கு காட்டும்.

காவேரிப்பட்டணம் பக்கம் அக்கா வீட்டுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா காய் கூழ் ஆலைக்குப் போகும் மாதங்களில் மாமா லோடு வண்டியை முதலில் வெளியே ஒரு எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் ஆலைக்கு விடுவார். "ஆலை மேடை பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல மாப்ள. ரெண்டு சீட்டு கையில இருந்தா, எது மாறுதுன்னு நாம கேக்கலாம்ல?" என்பார். இதற்கு மேல் ஒரு பாடம் ஓசோன் அளவீட்டிலும் இல்லை. ஒரே சீட்டை வைத்துக்கொண்டு காய் இளைத்ததா, மேடை இளைத்ததா என்று சொல்லவே முடியாது.

1980-களின் நடுவில் டாம்ஸ் சொன்ன சரிவு, தரையில் இருந்த டாப்சன் கருவிகள் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்தது. ஓசோன் போக்குகளை ஆராய அமைந்து, 1988-இல் முடிவுகளை வெளியிட்ட சர்வதேசக் குழு இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து தோண்டியது. தகடு மங்கியதற்குப் போட்ட கழிவு போதாது என்று தெரிந்தது. ஆனால், சரிவே இல்லை என்றும் ஆகிவிடவில்லை. தரை நிலையங்களின் பழைய ஏடுகளைத் திருத்திப் பார்த்தபோது, வடக்கே 30 முதல் 64 டிகிரி வரை உள்ள பகுதியில் 1969-க்கும் 1986-க்கும் இடையில் 1.7 முதல் 3 சதவீதம் வரை ஓசோன் குறைந்தது நிஜம் என்று வந்தது. செயற்கைக்கோள் சொன்னது பெரிதுபடுத்திய எண், ஆனால் திசை சரி. இந்த இரண்டையும் ஒரே அறிக்கையில், ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதற்குப் பிறகு டாம்ஸ் குழு செய்த காரியம் அழகானது. கருவியிடம் ஆறு அலைநீளங்கள் இருந்தன. அவற்றை வெவ்வேறு ஜோடிகளாகச் சேர்த்து ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் தனித்தனியாக ஓசோனைக் கணக்கிட்டார்கள். வானத்தில் இருப்பது ஒரே ஓசோன். எல்லா ஜோடியும் ஒரே விடை சொல்ல வேண்டும். தகடு மங்குவது ஒவ்வொரு ஜோடியையும் வெவ்வேறு அளவில் பாதிக்கும். ஆகவே ஜோடிகள் ஒன்றோடொன்று முரண்படும் அளவிலிருந்தே தகடு எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பிடித்துவிட்டார்கள். வெளியிலிருந்து யாரும் சொல்லாமல், கருவியின் அளவுகளை வைத்தே கருவியின் கோளாறைக் கண்டுபிடித்த வேலை இது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகவே கொடுக்கலாம், கொடுத்திருக்கிறேன். நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

சரி, தரைக் கருவி எப்போதும் சரியா? அதுவும் இல்லை. அண்டார்டிகா ஓட்டையைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: நாசாவின் கணினி மிகக் குறைந்த அளவுகளைக் குப்பையில் போட்டுவிட்டது, பிரிட்டிஷ் ஆட்கள் தரையிலிருந்து கண்டுபிடித்தார்கள் என்று. பாதிதான் உண்மை. 1985 மே மாதம் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்லின் மூவரும் ஹாலி பே நிலையத்தின் அளவுகளை வெளியிட்டார்கள். உலகம் கண்டுகொண்டது அதனால்தான், பெருமை அவர்களுக்கே. ஆனால் டாம்ஸின் கணினி 180 அலகுக்குக் கீழே வந்த எண்களை எறியவில்லை, சந்தேகம் என்று குறித்து வைத்தது. டாம்ஸ் எண்களைக் கவனித்துவந்த பவன் பார்த்தியா உள்ளிட்ட குழுவினர் அந்தக் குறிகளைப் பார்த்து, உண்மையா என்று தேடினார்கள். தென்துருவ நிலையத்தின் டாப்சன் கருவியோ அப்போது 300 அலகு சுமாருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. எதை நம்புவது? பிறகுதான் தெரிந்தது, அந்தத் தரை அளவுகள் தப்பு என்று. கோள் சரியாகச் சொன்னபோது தரைக் கருவி தவறாகச் சொல்லிக் குழப்பிய நேரமும் இருந்திருக்கிறது. அதனால் 'தரைதான் உண்மை, வானம் சந்தேகம்' என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி கேட்கும் வேலை நம் ஊர்ப் பக்கம் எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். தருமபுரிக்கு அருகில் உள்ள பழைய டாப்சன் நிலையம் கொடைக்கானல். நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1950-களின் இறுதியிலிருந்து அளவு எடுத்த இடம். அதன் ஏட்டை டாம்ஸ் எண்களோடு பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகக் கூடாது என்பதுதான் விஷயம்.

கொடைக்கானல் நிலையம் 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள காற்றில் இருக்கும் ஓசோன் அந்தக் கருவிக்குத் தெரியாது. கீழ்க்காற்றில் நூறு கோடிக்கு 35 பங்கு போல ஓசோன் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த 2,300 மீட்டரில் மட்டும் ஆறு, ஏழு டாப்சன் அலகு வரும். மொத்தத்தில் இரண்டரை சதவீதம்! கோளோ மலையை மட்டும் பார்ப்பதில்லை. டாம்ஸின் ஒரு புள்ளி, நேர் கீழே பார்க்கும்போதே 50 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர். தருமபுரி மாவட்டத்தின் பரப்பில் பாதிக்கு மேல் ஒரே புள்ளியில் அடங்கிவிடும். 1995-இல் போன கோம் கருவியின் ஒரு புள்ளி 320-க்கு 40 கிலோமீட்டர். தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்தாலும் அதைவிடச் சிறிதுதான். இன்றைய ட்ரோபோமி கருவியின் புள்ளி ஐந்தரைக்கு மூன்றரை கிலோமீட்டர். தொப்பூர் கணவாய் ஒரு புள்ளி, தருமபுரி டவுன் வேறு புள்ளி என்று பிரிந்துவிடுகிறது. பெரிய புள்ளியில் மலையும் சமவெளியும் கலந்திருக்கும். மலையுச்சிக் கருவியோடு அதை அப்படியே கழித்துப் பார்த்து, 'கோள் இரண்டரை சதவீதம் கூடுதலாகச் சொல்கிறது' என்று எழுதினால் அது கோளின் பிழை ஆகாது.

மேகம் இன்னொரு தொல்லை. பருவமழை மாதங்களில் மேகத்துக்குக் கீழே உள்ள ஓசோனைக் கோள் பார்க்கவே முடியாது. அந்தப் பகுதிக்கு, பல வருஷச் சராசரியிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் கணக்கு நிரப்பிக்கொள்ளும். நமக்கு வரும் மொத்த எண்ணில் அளந்தது எவ்வளவு, நிரப்பியது எவ்வளவு என்று பார்க்காமல் மழைக்கால எண்ணையும் கோடைக்கால எண்ணையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஓசூர்ப் பக்கத்து நண்பர்கள், தொழிற்சாலைப் புகையால் கூடும் தரை ஓசோனை இந்தக் கோள் எண்களில் பார்க்கலாமா என்று கேட்பார்கள். தக்காளி இலையைக் கெடுக்கும் ஓசோன் அது, கவலை நியாயமானது. ஆனால் மொத்த ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு மேலே அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது. மொத்தக் கணக்கிலிருந்து ஓசூரின் தரைக் காற்றைப் பிரிக்க முடியாது. அதற்குத் தரையில்தான் கருவி வைக்க வேண்டும்.

இப்போது எல்லாவற்றையும்விடக் கடினமான வேலைக்கு வருகிறேன். எந்தக் கோளும் நாற்பது வருஷம் வாழ்வதில்லை. நிம்பஸ்-7 டாம்ஸ் 1993 மே மாதம் நின்றது. ரஷ்யக் கோளான மீட்டியோர்-3-இல் போன இன்னொரு டாம்ஸ் 1994 டிசம்பரில் நின்றது. அடுத்த டாம்ஸைச் சுமந்த எர்த் ப்ரோப் கோள் 1996 ஜூலையில்தான் மேலே போனது. நடுவில் ஒன்றரை வருஷம் டாம்ஸ் எதுவும் இல்லை. அந்த இடைவெளியை அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் கோள்களில் இருந்த வேறு வகைக் கருவிகளை வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருந்தது. நோவா கோள்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மதியம் நம் தலைக்கு மேல் கடந்துகொண்டிருந்த கோள், பாதை நகர்ந்து நகர்ந்து சில வருஷங்களில் மாலையில் கடக்கும். சூரியன் சாய்ந்திருந்தால் ஒளி வரும் பாதை நீளும், கணக்கில் பிழையும் கூடும். போதாததற்கு, மேல் அடுக்குகளில் ஓசோன் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு என்று சில சதவீதம் மாறும். கோளின் நேரம் நகர்ந்ததை ஓசோனின் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் அங்கே இருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது அந்த வருஷங்கள். குளோரின் வாயுக்கள் வானத்தில் உச்சத்தைத் தொட்டு, ஓசோன் சரிவு நின்று, திரும்பும் காலம் 1990-களின் நடுப்பகுதி. 1991 ஜூனில் பினட்டுபோ எரிமலை வெடித்து மேலே கலங்கடித்திருந்த காலமும் அதுதான். எங்கே தெளிவான அளவு அதிகம் தேவையோ அங்கேதான் பதிவு நைந்துபோய் இருக்கிறது. நாசா ஒரு விதமாகவும் நோவா ஒரு விதமாகவும் ஒரே கருவிகளின் எண்களை ஒட்டித் தொடர் ஆக்கினார்கள். இரண்டு தொடர்களும் ஒரே போக்கைக் காட்டவில்லை. யார் ஏமாற்றினார்கள் என்ற கேள்வியே இங்கே இல்லை. ஒட்டும் இடத்தில் எந்தக் கருவியை எவ்வளவு நம்புவது என்று முடிவெடுத்ததில் வந்த வித்தியாசம். இரண்டு தொடர்களையும் வெளியே வைத்தார்கள். அந்த 0.3-க்குப் பக்கத்தில் இன்னொரு 0.3 ஏன் நிற்கிறது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

உயரவாரியாக அளக்கும் கருவிகளில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. 1984 முதல் 2005 வரை ஓடிய சேஜ்-2, சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் பூமியின் விளிம்பு வழியாகச் சூரியனைப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் காற்றுக்கு வெளியே தெரியும் சூரியனையே அளவுகோலாக வைத்துக்கொள்வதால், மங்கும் பிரச்சினை பெரிதாக இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு முப்பது இடம் சுமாருக்குத்தான் பார்க்க முடியும். ஆரா கோளின் எம்எல்எஸ் கருவி நாளுக்கு மூவாயிரத்துக்கு மேல் அளக்கும். சேஜ்-2 இத்தனை கிலோமீட்டர் உயரத்தில் இத்தனை மூலக்கூறு என்று சொல்லும். எம்எல்எஸ் இத்தனை அழுத்தத்தில் இத்தனை பங்கு என்று சொல்லும். ஒன்றை மற்றதாக மாற்ற வெப்பநிலை வேண்டும். கரியமில வாயு கூடுவதால் மேல் அடுக்குகள் குளிர்ந்துகொண்டே வருகின்றன. வெப்பநிலைப் பதிவில் சிறு தவறு இருந்தாலும் அது ஓசோன் கூடியதாகவோ குறைந்ததாகவோ வேஷம் போட்டுவிடும். ஓசோனின் நாற்பது வருஷத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தால், வெப்பநிலையின் நாற்பது வருஷத்தையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு உறுதியாகச் சொல்ல முடிந்தது என்ன? நாற்பது கிலோமீட்டர் உயரத்துப் பக்கம், 2000-க்குப் பிறகு பத்தாண்டுக்கு 1 முதல் 3 சதவீதம் வரை ஓசோன் கூடி வருகிறது. பல கருவிகள், பல ஒட்டுமுறைகள், எல்லாம் இதில் ஒத்துப்போகின்றன. ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வேலை செய்கிறது என்று நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான். கீழ் அடுக்கில் கதை அப்படி இல்லை. வில்லியம் பால் தலைமையிலான குழு 2018-இல், 1998 முதல் 2016 வரை கீழ் அடுக்கு மண்டலத்தில் ஓசோன் தொடர்ந்து குறைந்திருக்கிறது என்று காட்டியது. அதே வருஷம் வேறு ஒரு குழு, 2017-இல் ஓசோன் சட்டென ஏறியதைக் காட்டி, இது காற்றோட்டத்தின் ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்றது. வெப்பமண்டலத்தில் வாழும் நம் தலைக்கு மேலேயும் அந்தக் கீழ் அடுக்கு இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நமக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கிறது, ஓசோனும் மற்ற பகுதிகளைவிட மெல்லியது. அந்த மெல்லிய படலம் எந்தப் பக்கம் போகிறது என்பது வயலில் நிற்பவருக்கு முக்கியம்.

ஓமி கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரா கோளில் 2004-இல் போனது. 2007-லிருந்து அதன் பார்வையில் ஒரு பகுதியை ஏதோ மறைக்கிறது, கழன்ற காப்புறையாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த வரிசைகளைக் குறி போட்டு ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்தால், இருபது வருஷத்தில் மிக நிலையான ஓசோன் பதிவுகளில் ஒன்று கிடைக்கிறது. எண்களோடு தரக்குறிகளும் இலவசமாகவே வருகின்றன. எங்கள் பிள்ளைகள் தருமபுரியின் அட்சரேகையைக் கொடுத்து இறக்கி வரைபடம் போடும்போது, முதலில் தரக்குறியைப் படித்து, கெட்ட வரிசைகளை நீக்கிய பிறகுதான் சராசரி எடுக்க விடுகிறேன்.

இப்போது ஆராவுக்கு வயதாகிவிட்டது. சேஜ் குடும்பத்தின் கடைசிக் கருவி 2017 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. அந்த நிலையத்தையே 2030-ஐ ஒட்டி இறக்கத் திட்டம். மொத்த ஓசோனுக்குக் கருவிகள் மேலே இருக்கின்றன, தொடர்ந்து போகவும் போகின்றன. உயரவாரி அளவில்தான் ஆள் குறைகிறது. பழைய கருவி நிற்பதற்கு முன்பே புதியது மேலே போய், ஓரிரு வருஷமாவது இரண்டும் ஒரே வானத்தைச் சேர்ந்து பார்க்க வேண்டும். அது தவறினால் 1995-இல் நடந்தது மறுபடி நடக்கும், இந்த முறை கீழ் அடுக்கின் கேள்விக்குப் பதில் வரவேண்டிய வருஷங்களில். இடைவெளி வந்தாலும் வராவிட்டாலும், ஒட்டுவதற்குப் பிடிமானமாகத் தரையில் ஒரு ஏடு வேண்டும். கொடைக்கானல் போல அறுபது வருஷத்துக்கு முன்பே தொடங்கிய நிலையங்கள் வெப்பமண்டலத்தில் மிகக் குறைவு. அவற்றின் கருவியைத் துடைத்து, சர்வதேச அளவுகோலோடு ஒப்பிட்டு, தினமும் சூரியனைப் பார்த்து எண் எழுதும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஆகும் செலவு, ஒரு கோளின் செலவில் ஒரு துளிகூட வராது.